விரயம் நீக்கும் உற்பத்தி முறையும் மருத்துவக் கருவிகளும்: நோயாளிகள் அறிய வேண்டியவை

இரத்த அழுத்தமானி, குளுக்கோமீட்டர், நெபுலைசர், பல்ஸ் ஆக்சிமீட்டர் ஆகியவை ஒரு காலத்தில் மருத்துவமனைக்குள் மட்டுமே காணப்பட்ட கருவிகள். இன்று அவை வீட்டுப் பொருள்களாகிவிட்டன. வடசென்னையில் இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வழியாகக் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரக்குப்பம் வரையிலான பகுதியும் இதற்கு விதிவிலக்கன்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் வீட்டு வாசலிலேயே இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் அளந்து பார்க்கின்றனர். அவர்கள் கையில் உள்ள கருவி காட்டும் எண்ணை நம்பியே மாத்திரையின் அளவு முடிவாகிறது. ஆகவே அக்கருவி எவ்வாறு செய்யப்படுகிறது என்பது ஆலை நிர்வாகிகளுக்கு மட்டும் உரிய செய்தியாக இருக்க முடியாது.

இத்துறையில் 2023ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்க ஆண்டாகும். மார்ச் 10 அன்று குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்களுக்கான புதுப்பிக்கப்பட்ட 'லீன்' திட்டத்தை ஒன்றிய அரசு தொடங்கியது. இம்முறையைக் கைக்கொள்ளும் சிறுதொழில்களுக்கு ஆலோசனை, வழிகாட்டுதல் செலவில் 90 விழுக்காட்டை அரசே ஏற்கிறது. ஏப்ரல் 26 அன்று தேசிய மருத்துவக் கருவிகள் கொள்கைக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அக்டோபர் 1 முதல், உயர் இடர் கொண்ட 'சி', 'டி' வகைக் கருவிகளுக்கும் உற்பத்தி உரிமம் கட்டாயமாயிற்று. 'ஏ', 'பி' வகைகளுக்கு இது அதற்கு ஓராண்டு முன்னரே நடைமுறைக்கு வந்திருந்தது. தமிழ்நாட்டிலும், வாகன ஆலைகள் நிறைந்த ஒரகடத்தில் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிகள் பூங்கா அமைக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. கருவிகளில் பெரும்பங்கை இறக்குமதி செய்யும் நாடு, தானே செய்யவும் குறைந்த செலவில் செய்யவும் முனைகிறது.

செலவைக் குறைத்தால் தரமும் குறையுமா என்பது நோயாளிகளின் குடும்பத்தினர் கேட்கும் முதற்கேள்வி. எதைக் குறைத்தார்கள் என்பதைப் பொறுத்தே அதற்கு விடை கூற இயலும்.

லீன் முறை என்பது யாது?

இம்முறையின் வேர் ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் உள்ளது. அந்நிறுவனத்தின் முன்னோடியான சக்கிச்சி டொயோடா தறி செய்தவர். நூல் ஒன்று அறுந்தவுடன் தானாக நின்றுவிடும் தறியை அவர் உருவாக்கினார். பழுதான துணி கஜக்கணக்கில் நெய்யப்பட்டபின் அதைக் கண்டுபிடிப்பதைவிட, முதல் இழை அறுந்தபோதே நிறுத்துவது மேல் என்பதே அதன் கருத்து. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் தாயிச்சி ஓனோ என்னும் பொறியாளர் இக்கருத்தைக் கார் ஆலைக்கு விரிவுபடுத்தினார். தேவைக்கு மேல் செய்தல், காத்திருத்தல், பொருளை வீணே இடம் மாற்றுதல், வேண்டாத செய்முறை, மிகையான இருப்பு, வேண்டாத அசைவு, பழுது என ஏழு விரயங்களை அவர் வகுத்தார். 'லீன்' என்ற பெயர் 1988இல்தான் வந்தது.

வடசென்னைக் குடும்பங்கள் பலவற்றுக்கு இது புதிய செய்தியாக இராது. எண்ணூரின் அசோக் லேலண்ட், திருவொற்றியூரின் ராயல் என்ஃபீல்டு ஆகிய ஆலைகளின் நிழலில் இரண்டு, மூன்று தலைமுறைகள் வாழ்ந்துள்ளன. சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998இல் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவிலிருந்து அப்பரிசைப் பெற்ற முதல் நிறுவனம் அதுவே. மருத்துவக் கருவிகளைச் செய்யப் புறப்படும் தமிழ்நாட்டுக்கு வாகனத் தொழிலின் இந்த அனுபவம் பெரும் சொத்தாகும்.

இம்முறையில் நோயாளிக்கு மிகுந்த பயன் தரும் கூறு வேகம் அன்று. பழுதைக் கண்ட எந்தத் தொழிலாளியும், மேற்பார்வையாளரின் ஒப்புதலுக்குக் காத்திராமல், உற்பத்தி வரிசையை நிறுத்தலாம் என்னும் உரிமையே அது. நெபுலைசரின் மின்கம்பி இணைப்பில் ஐயம் கொண்ட ஒரு பெண் தொழிலாளி வரிசையை நிறுத்தினால், அன்றைய எண்ணிக்கை குறையும். ஆனால் அந்தப் பழுது மூச்சுத்திணறும் குழந்தையின் படுக்கையருகே வந்து சேராது. அவ்வாறு நிறுத்தியதற்காக அவரைக் கண்டிக்கும் ஆலை, சுவரில் எத்தனை தரப் பலகைகளை மாட்டினாலும், இம்முறையைப் பின்பற்றுவதாகக் கூற இயலாது.

பிழைக்கே இடமளிக்காத வடிவமைப்பு

"கவனமாக இருங்கள்" என்று மனிதரை எச்சரிப்பதைவிட, தவறாகச் செய்யவே முடியாதபடி பொருளை வடிவமைப்பது சிறந்தது என்பதும் இம்முறையின் பாடமாகும். மருத்துவத்தில் இதற்குப் பழைய சான்றுகள் உள்ளன. மயக்க மருந்துக் கருவியில் பொருத்தப்படும் சிறிய ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வில் இரு துளைகள் இருக்கும். அத்துளைகளுக்கு ஏற்ற முளைகள் கருவியில் இருக்கும். நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டரின் துளைகள் வேறு இடத்தில் அமைந்திருப்பதால், களைப்புற்ற நள்ளிரவிலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பொருத்த முடியாது. தடுப்பூசித் திட்டங்களில் பயன்படும் தானே செயலிழக்கும் ஊசிக்குழலும் இத்தகையதே. ஒருமுறை மருந்தைச் செலுத்தியவுடன் அதன் உந்துதண்டு பூட்டிக்கொள்ளும். மறுபடி பயன்படுத்தக் கூடாது என்ற விதியை, ஊசியே காக்கிறது.

பிரேக்கைச் சோதிக்கலாம், ஊசியைச் சோதிக்க முடியாது

வாகன ஆலைக்குப் பொருந்தும் அனைத்தும் மருத்துவக் கருவி ஆலைக்கு அப்படியே பொருந்துவதில்லை. இந்த வேறுபாட்டைச் சற்று விரிவாக அறிந்துகொள்வது நல்லது.

ஆலையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு பேருந்தின் பிரேக்கையும் அழுத்திப் பார்த்து அனுப்பலாம். கிருமி நீக்கம் செய்யப்பட்ட ஊசிக்குழலையோ கதீட்டரையோ அவ்வாறு சோதிக்க இயலாது. உறையைப் பிரித்தால் அதன் தூய்மை கெட்டுவிடும். சோதிக்கப்பட்ட ஊசி அக்கணமே பயனற்றதாகிவிடும். கிருமி நீக்கப்பட்ட கருவி என்று அழைக்கப்படுவதற்கு, பத்து இலட்சத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கருவியில் உயிருள்ள கிருமி எஞ்சியிருக்கும் வாய்ப்பு இருக்கக் கூடாது என்பது பன்னாட்டு அளவுகோல். பத்து இலட்சம் ஊசிகளைப் பிரித்துப் பார்த்து இதை எவரும் மெய்ப்பிக்க முடியாது. வெப்பம், ஈரப்பதம், வாயுவின் செறிவு, நேரம் ஆகியவை ஒவ்வொரு முறையும் வகுத்த அளவில் இருந்தன என்ற பதிவே சான்று. ஆதலால் பதிவேட்டை எழுதும் நேரத்தை 'விரயம்' என்று கணக்கிடும் ஆலை, தன் பொருளின் பாதுகாப்பையே கழித்துவிடுகிறது.

பிளாஸ்டிக்கால் ஆன கருவிகள் பலவும் எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்கம் செய்யப்படுகின்றன. நூற்றுக்கணக்கான பெட்டிகள் ஒரே அறையில் அடுக்கப்பட்டு ஒரே நேரத்தில் வாயுவுக்கு உட்படுத்தப்படும். இவ்வாயு நச்சுத்தன்மை உடையது. எனவே பெட்டிகள் வெளியே வந்தபின், எஞ்சிய வாயு நீங்கும்வரை காற்றோட்டத்தில் வைக்கப்பட வேண்டும். எளிதில் அழியாத நுண்ணுயிர் வித்துகளை அப்பெட்டிகளுக்கு இடையே வைத்து, பின்னர் அவை வளர்கின்றனவா என்று பார்ப்பதும் வழக்கம். காத்திருத்தலை விரயம் என்று வகுத்த கார் ஆலையின் கண்ணுக்கு இந்த நாள்கள் உறுத்தலாகத் தோன்றக்கூடும். ஆயினும் இந்தக் காத்திருப்பே மருந்துக்கு ஒப்பானது. ஒவ்வொரு சுற்றையும் துல்லியமாக அளந்து பதிவுசெய்து, வித்துகளின் முடிவுக்குக் காத்திராமல் விடுவிக்கும் முறையும் உண்டு. எனினும் அம்முறை நம்பத்தக்கது என்பதை முன்னதாகவே மெய்ப்பித்த பின்னரே அதற்கு மாற இயலும்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. நாள்தோறும் சிறு மாற்றம் செய்து மேம்படுத்துவது லீன் முறையின் உயிர்நாடி. மருத்துவக் கருவியில், பசையை மாற்றுவதும் உறையின் தாளை மாற்றுவதும்கூடச் சிறு மாற்றம் என்று தானே முடிவு செய்துவிட முடியாது. மருத்துவக் கருவிகள் விதிகள் 2017இன்படி, மூலப்பொருள், வடிவமைப்பு, கிருமி நீக்க முறை, கருவியைத் தொட்டிருக்கும் உறை போன்றவற்றில் பெரும் மாற்றம் செய்வதற்கு முன்பே உரிமம் அளிக்கும் அதிகாரியின் ஒப்புதல் தேவை. சிறு மாற்றங்களை 30 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். இது தாமதம் என்று தொழில்துறையினர் குறைகூறுவது உண்டு; அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் நுரைப்பஞ்சு ஒன்றின் கதை நினைவில் இருக்க வேண்டும். 2021 ஜூனில் பிலிப்ஸ் ரெஸ்பிரானிக்ஸ் நிறுவனம், உறக்க மூச்சுத்தடைக்குப் பயன்படும் கருவிகளையும் சில வென்டிலேட்டர்களையும் இலட்சக்கணக்கில் திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டது. ஒலியைக் குறைப்பதற்காக உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து, அதன் துகள்கள் மூச்சுப்பாதையில் சேரக்கூடும் என்பதே காரணம். ஒரு கருவியில் அற்பமான பகுதி எது என்பதைத் தொலைவிலிருந்து எளிதில் கூறிவிட முடியாது.

மதுரையின் எடுத்துக்காட்டு

செலவு குறைந்தும் தரம் நின்றதற்குத் தமிழ்நாட்டிலேயே நன்கு அறியப்பட்ட சான்று உண்டு. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை அறுவைச் சிகிச்சையைச் சீரான ஓட்டமாக மாற்றியமைத்தது. ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போதே அடுத்த படுக்கையில் மற்றொருவர் ஆயத்தமாக இருப்பார். மருத்துவர் காத்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு தடை இருந்தது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதன் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. லென்ஸ் பெறாதோர், அறுவைக்குப்பின் தடித்த கண்ணாடியை அணிந்தே வாழ்ந்தனர்.

1992இல் அதே நகரில் ஆரோலேப் நிறுவப்பட்டு லென்ஸ் உற்பத்தி தொடங்கியது. இறக்குமதி லென்ஸ் ஏறத்தாழ 100 டாலர் விலையில் இருந்த காலத்தில், ஆரோலேப் லென்ஸின் விலை முதலில் 10 டாலர் அளவிலும் பின்னர் அதற்கும் கீழாகவும் இறங்கியது. கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் பயிற்சி பெற்று, தூய்மைக் கட்டுப்பாடு உடைய அறைகளில் இந்த நுண்ணிய வேலையைச் செய்தனர். இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அந்த லென்ஸ்கள் செல்கின்றன. பெரும் எண்ணிக்கையும் இலாப நோக்கமற்ற விலை நிர்ணயமும் இதற்குத் துணைசெய்தன. ஆதலின் வேறொரு நிறுவனம் அதே இயந்திரத்தை வாங்கினால் மட்டும் அதே விலை கிடைத்துவிடும் என்று எதிர்பார்த்தல் கூடாது.

ஆலையில் மிச்சமான பணம் நோயாளிக்கு வந்து சேருமா?

எப்போதும் சேர்வதில்லை. 2021 ஜூலையில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் பல்ஸ் ஆக்சிமீட்டர், குளுக்கோமீட்டர், இரத்த அழுத்தமானி, நெபுலைசர், டிஜிட்டல் வெப்பமானி ஆகிய ஐந்து கருவிகளுக்கு வணிக இலாப வரம்பை விதித்தது. விநியோகஸ்தருக்கான விலைக்கும் அதிகபட்ச சில்லறை விலைக்கும் இடைப்பட்ட இலாபம் 70 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது என்பதே அவ்வரம்பு. அதற்கு முன்னர் அந்த இலாபம் சில பொருள்களில் 700 விழுக்காட்டையும் தாண்டியிருந்தது. ஆலையில் தொழிலாளியின் ஐந்து நொடி அசைவைக் குறைக்கப் பொறியாளர்கள் பாடுபடும்போது, ஆலை வாயிலுக்கு வெளியே இத்தனை பெரிய விரயம் நிகழ்ந்துவந்துள்ளது.

2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டப்படி மருந்துகளாகக் கருதப்படுகின்றன. இதனால் எந்தக் கருவியின் அதிகபட்ச சில்லறை விலையையும் 12 மாதங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த அனுமதி இல்லை. கருவி வாங்கும்போது அச்சிட்ட விலையைப் பார்ப்பதுடன் நில்லாமல், இரண்டு கடைகளில் விசாரித்து, கட்டாயம் இரசீது பெற்றுக்கொள்ள வேண்டும்.

இருப்பு எப்போது விரயம், எப்போது காப்பு?

மிகையான இருப்பை லீன் முறை விரயமாகக் கருதுகிறது. கார் ஆலைக்கு இது பொருந்தும். இருக்கை ஒன்று இரண்டு நாள் தாமதமானால் கார் இரண்டு நாள் தாமதமாகும், அவ்வளவே. டயாலிசிஸ் வடிகட்டி இரண்டு நாள் தாமதமானால் நிலைமை வேறு.

2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிகோவைத் தாக்கியபோது, அங்கு செய்யப்பட்ட சிறிய சலைன் பைகள் வராமல் அமெரிக்க மருத்துவமனைகள் திணறின. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலின் வெள்ளம் வட கரோலினாவில் உள்ள பாக்ஸ்டர் ஆலைக்குள் புகுந்தது. அந்நாட்டின் நரம்புவழித் திரவத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு அந்த ஓர் ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அறுவைச் சிகிச்சைகள் பல இடங்களில் ஒத்திவைக்கப்பட்டன. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கான கொள்முதலை 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மேற்கொள்கிறது. மாவட்டந்தோறும் கிடங்கு வைத்து, சில மாதத் தேவைக்கான இருப்பைக் காப்பது அதன் முறை. கணக்கர் ஒருவருக்கு அது முடங்கிய முதலாகத் தோன்றலாம். புயல் வீசும் கடற்கரை மாநிலத்தில் அது காப்புறுதி ஆகும்.

வீட்டுக்கும் இதே கணக்கு பொருந்தும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் வடசென்னையின் தெருக்கள் நீரில் மூழ்கின, மின்சாரமும் தடைபட்டது. எண்ணூர் முகத்துவாரப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் கலந்து, மீனவக் குடியிருப்புகள் இரட்டைத் துன்பத்துக்கு ஆளாயின. இத்தகைய நாளில் மருந்துக்கடைக்குச் செல்வது எளிதன்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இரண்டு வாரத்துக்கான இன்சுலின் ஊசி, சர்க்கரைப் பரிசோதனை ஸ்ட்ரிப், நெபுலைசருக்கான மருந்து ஆகியவற்றை ஈரம் படாத இடத்தில் வைத்திருப்பது நல்லது. மின்சாரத்தால் மட்டுமே இயங்கும் நெபுலைசரை வைத்திருப்போர், மின்தடையின்போது ஸ்பேசருடன் கூடிய இன்ஹேலரைப் பயன்படுத்தலாமா என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கருவி கைக்கு வந்தபின்

உறையின் மீது உற்பத்தியாளர் பெயரும் முகவரியும், உற்பத்தி உரிம எண்ணும், 'லாட்' அல்லது 'பேட்ச்' எண்ணும், தயாரித்த நாளும், காலாவதி நாளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இறக்குமதிக் கருவியாயின் இறக்குமதி உரிம எண் இருக்க வேண்டும். பேட்ச் எண்ணைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஒரே நாளில், ஒரே கிருமி நீக்க அறையில், ஒரே மூலப்பொருளிலிருந்து வந்த கருவிகளை ஒன்றாகக் கட்டும் கயிறு அந்த எண்தான். பழுதான ஒரு தொகுதியைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால், உங்கள் வீட்டில் இருப்பது அதுதானா என்பதை அறிய வேறு வழி இல்லை. ஆகவே ஸ்ட்ரிப் தீரும்வரை அதன் பெட்டியை எறியாதீர்கள்; நீண்டநாள் கருவியாயின் உறையைப் படம்பிடித்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். உறை கிழிந்தோ, ஈரமாகவோ இருக்கும் ஊசியையும் கதீட்டரையும் எக்காரணத்தாலும் பயன்படுத்தக் கூடாது.

குளுக்கோமீட்டரில் அடுத்தடுத்து இருமுறை பார்த்தால் இரு வேறு எண்கள் வருவது கண்டு பலர் அஞ்சுகின்றனர். ஐ.எஸ்.ஓ. 15197 என்னும் பன்னாட்டுத் தரநிலையின்படி, 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில், நூறில் 95 முடிவுகளாவது ஆய்வக அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 100க்குக் கீழே 15 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். உண்மை அளவு 200 எனில் 170 முதல் 230 வரை காட்டுவது ஏற்கத்தக்கதே. இச்சிறு வேறுபாட்டைக் கண்டு இன்சுலின் அளவை நீங்களே மாற்ற வேண்டாம். வேறுபாடு இதைவிடப் பெரியதாக அடிக்கடி இருந்தால், முதலில் ஸ்ட்ரிப் குப்பியைக் கவனியுங்கள். கடற்காற்றின் ஈரம் ஸ்ட்ரிப்புகளை விரைவில் கெடுக்கும். எடுத்தவுடன் மூடியை இறுக்கி மூட வேண்டும், வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது, கைகளைக் கழுவித் துடைத்த பின்னரே தொட வேண்டும். எண் எவ்வாறு இருப்பினும், நோயாளிக்கு வியர்வை, நடுக்கம், குழப்பம், மூச்சுத்திணறல் போன்றவை தென்பட்டால் அறிகுறியை நம்பி மருத்துவ உதவியை நாடுங்கள். ஆக்சிமீட்டர் 96 காட்டுகிறது என்பதற்காக மூச்சுவாங்கும் ஒருவரை வீட்டில் வைத்திருப்பது ஆபத்தானது. நகப்பூச்சு, குளிர்ந்த விரல், கருமையான தோல் ஆகியவை அதன் அளவீட்டைப் பிழைபடச் செய்யக்கூடும்.

கருவியால் தீங்கு நேர்ந்தாலோ, நேரவிருந்து தப்பினாலோ, அதை எறிந்துவிட வேண்டாம், கழுவவும் வேண்டாம். உறையுடன் தனியே வைத்து, பேட்ச் எண்ணையும் நடந்த நாளையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் தெரிவியுங்கள். 2015 ஜூலை 6 அன்று தொடங்கப்பட்ட இந்திய மருத்துவக் கருவிகள் கண்காணிப்புத் திட்டம், காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் வழியாக இம்முறையீடுகளைத் திரட்டுகிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியும் குடும்பத்தினரும் நேரடியாகவே தெரிவிக்கலாம். தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம். ஒரே பேட்ச் எண்ணைக் குறிப்பிட்டு வெவ்வேறு ஊர்களிலிருந்து மூன்று, நான்கு முறையீடுகள் வந்தால், ஆய்வாளர்கள் அந்த ஆலையின் பதிவேட்டில் குறிப்பிட்ட அந்த நாளின் பக்கத்தைத் திறந்து பார்க்க முடியும்.